ஏதேனும் இரண்டு மட்டும்

நான் வேலை பார்க்கும் சுயநிதிக் கல்லூரியில் சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு படிவம் வந்தது. 'ஊழியர் நலத் தொகுப்பு: விருப்பத் தேர்வு' என்று தலைப்பு. ஒரு பக்கம் குழுக் காப்பீடு. மறுபக்கம் யோகா வகுப்பு, உடற்பயிற்சிக் கூடக் கட்டணத்தில் பாதி, மனநல ஆலோசனைக்கு ஒரு தொலைபேசி எண், மகளிர் தினத்தன்று முழு உடல் பரிசோதனை, 'மன அழுத்த மேலாண்மை'ப் பயிலரங்கு. அடியில் ஒரு குறிப்பு: மேற்கண்டவற்றுள் ஏதேனும் இரண்டை மட்டும் தேர்வு செய்க.

பதினெட்டு வருடமாக வினாத்தாள் தயாரிக்கிறவள் நான். 'ஏதேனும் இரண்டனுக்கு மட்டும் விடையளி' என்று எழுதும்போது, தெரியாத வினாவை மாணவி தள்ளிவிட்டுப் போகட்டும் என்ற கருணை அதில் இருப்பதாக எண்ணிக்கொள்வேன். என் கையில் அப்படி ஒரு தாள் வந்தபோதுதான் உறைத்தது. வினாவை எழுதியவர் தேர்வில் பாதியை முன்பே முடித்துவிடுகிறார்.

எங்கள் பெண்கள் ஓய்வறையில் அன்று மதியம் பேச்செல்லாம் இதுதான். இந்த ஐந்தும் யார் கேட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களைக் கேட்டிருந்தால் மூன்றாவது மாடிக் கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் கேட்டிருப்போம். காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை தண்ணீர் குடிப்பதை அளந்து வைத்திருக்கும் பெண்கள் அந்த அறையில் குறைந்தது பத்துப் பேர். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே யோகா பெட்டியில் குறியிடுவதில் உள்ள நகைச்சுவை எங்களுக்குப் புரியாமல் இல்லை.

எழுத்தை வாசிப்பதே என் பிழைப்பு என்பதால் அந்தப் படிவத்தையும் ஒரு பனுவலாகவே வாசித்தேன். முதலில் கண்ணில் பட்டது அதன் வினைச்சொற்கள். வழங்கப்படும், அனுமதிக்கப்படும், பரிசீலிக்கப்படும். எல்லாமே செயப்பாட்டு வினை. எழுவாயைத் தேடினால் கிடைக்காது. கொடுப்பவர் முகம் மறைந்திருக்கிறது, வாங்குபவர் மட்டும் பெயர், பணியெண், பிறந்த தேதி, இரத்த வகையோடு நிற்கிறார். அடுத்து 'சலுகை' என்ற சொல். பிள்ளைக்கு ரொம்பச் சலுகை கொடுக்காதே என்று வீட்டில் சொல்வோமே, அந்தச் சொல்தான் இது. ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்து வீடு. உழைப்புக்கு உரியதன் ஒரு பகுதி ஊதியமாகவும் இன்னொரு பகுதி நலமாகவும் வருகிறது என்றால், முதல் பகுதிக்கு இல்லாத செல்லமும் நிபந்தனையும் இரண்டாம் பகுதிக்கு மட்டும் ஏன்? சம்பளத்தை நாம் 'வாங்கினேன்' என்கிறோம். பேறுகால விடுப்பை 'கொடுத்தாங்க' என்கிறோம்.

தொல்காப்பியம் இரத்தலுக்குரிய மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டும். 'ஈ' என்பது தாழ்ந்தோர் உயர்ந்தோரிடம் கேட்பது. 'தா' ஒப்பானவர் கேட்பது. 'கொடு' உயர்ந்தோர் கேட்பது. முதுகலை வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் தம் வீட்டுப் பேச்சிலிருந்து உதாரணம் சொல்லிச் சிரிப்பார்கள். வேலையிடத்தில் பெண்கள் தம் உடலுக்காக எதைக் கேட்டாலும் 'ஈ' என்னும் குரலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

காப்பீட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். 'சார்ந்திருப்போர்' என்ற தலைப்பின் கீழ் கணவர் அல்லது மனைவி, இரண்டு குழந்தைகள். பிறகு 'பெற்றோர் அல்லது மாமனார்–மாமியார்: ஓர் இணை மட்டும்.' நம் நாட்டுக் குழுக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றிலும் காணப்படும் வரி இது. பார்க்க எவ்வளவு சமத்துவமாக இருக்கிறது! ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டம், ஒரே 'அல்லது'. ஆனால் எங்கள் துறையில் திருமணமான பெண்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் மாமனார் மாமியாரைக் குறித்தோம். ஆண்கள் ஓய்வறையில் இது ஒரு கேள்வியாகவே எழவில்லை. அவர்கள் தம் பெற்றோரின் பெயரை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

அந்த ஏழு பேருக்கும் ஏழு காரணம் இருந்தது. "எங்கம்மாவைப் பாத்துக்கத் தம்பி இருக்கான்ல மேடம்" என்றார் ஒருவர். தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கே காப்பீடு கிடையாது. கணவருக்குச் சொந்தத் தொழில், அவர் பக்கம் படிவமே இல்லை என்பது இன்னொருவருக்கு. என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது; அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது செலவு லட்சத்தில்தான் பேசும் என்று எங்களுக்குத் தெரியும். என் அம்மாவுக்கு 71 வயது. மூட்டுத் தேய்மானம், மாடிப்படி ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. மூன்று வருடமாகப் படிவம் நிரப்புகிறேன், மூன்று முறையும் அத்தை மாமா பெயரைத்தான் எழுதினேன். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "அத்தைக்கே போடு. எனக்குத்தான் கலைஞர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்றாள். சட்டென்று சொன்னாள். முன்பே யோசித்து வைத்திருந்த பதில்போல இருந்தது.

அத்தையின் மீது எனக்குக் குறை எதுவும் கிடையாது. இருபது வருடம் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் இல்லையென்றால் என் முனைவர் பட்டம் இல்லை. என் கோபம் அந்த 'அல்லது' மீது. குடும்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கல் உருளும் என்று தெரிந்தே வைக்கப்பட்ட நடுநிலை அது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு குடும்பம் என்பதை வரையறுக்கும்போது, சார்ந்திருக்கும் பெற்றோரோடு பெண் ஊழியரின் மாமனார் மாமியாரையும் சேர்த்துக்கொள்கிறது. 'அல்லது' இல்லாமல் சேர்த்தது நல்லதுதான். ஆனால் பெண் ஊழியரின் மாமனார் மாமியார் மட்டும்தான் அங்கே வருகிறார்கள். ஆண் ஊழியரின் மாமனார் மாமியார் அவரைச் சார்ந்திருக்கக்கூடும் என்று சட்டத்துக்குத் தோன்றவில்லை. மகளைப் பெற்றவர்கள் யாரைச் சார்வது?

நலத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், அவர்களில் பெண்களும் இப்போது இருக்கிறார்கள், வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு வரியை மாற்றலாம். இரண்டு இணைகளையும் அனுமதித்து, கூடுதல் பிரீமியத்தை ஊழியரே செலுத்தட்டும் என்று வைத்தால்கூட எங்களில் பலர் செலுத்துவோம். வகுப்பில் நிற்கும்போது தொலைபேசி அதிர்ந்தால் யாருடைய மருத்துவமனை என்று நெஞ்சு பதறாமல் இருப்பதுதான் எங்களுக்கு மன அழுத்த மேலாண்மை.

யோகாவையும் பயிலரங்கையும் பற்றி ஒரு சொல். எனக்கு யோகா பிடிக்கும், விடியற்காலையில் பிள்ளைகள் எழும்முன் செய்கிறேன். அது வேலையிடத்தின் கடமைக்கு ஈடாக வைக்கப்படும்போதுதான் சிக்கல். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தை அளித்துச் சோதித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவச் செலவிலோ, உற்பத்தித் திறனிலோ, ஊழியர் தம் உடல்நலம் பற்றிச் சொன்னதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர் எண்ணிக்கை மட்டும் கூடியது. விரும்பி வந்து சேர்ந்தவர்கள் முன்பே ஆரோக்கியமானவர்கள் என்பதும் தெரிந்தது. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களின் தரவை ஆராய்ந்தார். மன உறுதிப் பயிற்சி, நினைவொருமைப் பயிற்சி, நலச் செயலிகள் போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள் பங்கெடுக்காதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை. அவர் சுட்டுவது வேலை நேரம், பணிச்சுமை, ஊதியம், மேலாண்மை ஆகியவற்றை. எங்கள் ஓய்வறையில் இதைத் தரவு இல்லாமலே சொல்வார்கள்: "மூச்சை இழுத்து விடச் சொல்றாங்க, விட நேரம் தர மாட்டேங்கறாங்க."

இனி, எந்தப் படிவத்திலும் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி. நாற்காலி.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன் 2018இல் கேரளம் இதைச் செய்தது. கேரளத்துக்கு அந்த யோசனை தானாக வரவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்று வேலை செய்த பெண்களை விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடைவீதியில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் உட்காருவதற்கான போராட்டம். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாட்களுக்கு மேல் கடைக்கு முன்னால் உட்கார்ந்து போராடினார்கள். கடைக்குள் மறுக்கப்பட்டதைக் கடைக்கு வெளியே செய்தார்கள்.

அசையாமல் நெடுநேரம் நிற்பது உடலை என்ன செய்யும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றுகொண்டே இருந்தால் அந்த உந்துதல் இல்லை. இரத்தம் சிரைகளில் தேங்கி, வால்வுகள் தளர்ந்து, கயிறுபோல் முறுக்கிக்கொண்டு புடைக்கிறது. வெரிகோஸ் வெயின் என்று மருத்துவர் எழுதித் தருவதை 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று துணிக்கடைப் பெண்கள் சொல்வார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் பாதத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்க்கும் பெண்களை இரவு ஒன்பதரை மணிப் பேருந்தில் ஏறுகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

22-அ பிரிவின் சொற்களைப் பாருங்கள். வேலையின் இடையே உட்காரும் வாய்ப்பு நேர்ந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்கை இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதே வாக்கிய அமைப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவில் காணலாம். அங்கே ஓய்வுக்கான வாய்ப்பு, இங்கே உட்காருவதற்கான வாய்ப்பு. எழுபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரு சொல்லும் நகரவில்லை. வாய்ப்பு என்பது தானாக வாய்க்க வேண்டும். அதை வாய்க்கவிடுவது யார்? வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் புடவையை மடித்துக்கொண்டே இரு என்று சொல்ல ஒரு மேற்பார்வையாளர் போதும், வாய்ப்பு நேராமலே நாள் முடிந்துவிடும். நாற்காலி வந்த கடைகளுக்குள் நான் போயிருக்கிறேன். பல இடங்களில் அது பில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மூலையில் இருக்கிறது.

உட்காருவது நம் ஊரில் எப்போதும் உடல் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் அமரவைக்கப்பட்ட படத்தை எல்லோரும் பார்த்தோம். யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதில் சாதி இருக்கிறது, பால் இருக்கிறது. 'கஸ்டமர் முன்னாடி உக்காந்தா மரியாதையா இருக்காது' என்று கடைக்காரர் சொல்லும்போது அந்தப் பழைய திண்ணைதான் ஏசி போட்டுக்கொண்டு பேசுகிறது.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது, சட்டத்துக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு. ரங்கநாதன் தெருத் துணிக்கடையின் விடுதியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் அடிஉதையையும் தமிழில் வேறெந்தப் படைப்பும் அவ்வளவு விரிவாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. அப்போது கொண்டாடினேன், இன்றும் பாடமாகச் சொல்கிறேன். ஆனால் சென்ற வருடம் மாணவிகளோடு மறுபடி பார்த்தபோது எனக்கு இடறியது முடிவு. கனி விபத்தில் கால்களை இழக்கிறாள். லிங்கு அவளை ஏற்றுக்கொள்கிறான். படம் முழுக்க நின்றுகொண்டே இருந்தவள் கால் போனபிறகுதான் உட்காருகிறாள். கடையின் தினசரி வன்முறை மெல்ல விலகி, ஒரு லாரியும் ஓர் ஆணின் பெருந்தன்மையும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. கால்களை மெல்ல மெல்லத் தின்னும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கதையில் உச்சக்கட்டம் கிடையாது என்பதுதான் இயக்குநரின் சிக்கல் என்று நினைக்கிறேன். சட்டத்துக்கும் அதே சிக்கல்தான். விபத்துக்கு இழப்பீடு உண்டு, தேய்மானத்துக்கு என்ன உண்டு? கோடை விடுமுறையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், அந்த மூணு நாள் கனி எப்படி நின்னிருப்பா?"

அந்த மூன்று நாளுக்குச் சில ஆலைகளில் ஒரு 'நலத்திட்டம்' இருந்தது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளின் பெண் தொழிலாளர்கள் ஏறக்குறைய நூறு பேரிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட புலனாய்வு அதைச் சொன்னது. மாதவிடாய் வலி என்றால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருவார். பெயர் தெரியாது, மருத்துவர் பார்க்கமாட்டார், விழுங்கிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். நல்வாழ்வு என்ற சொல் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலவச மாத்திரையும் ஒரு பட்டியலில் ஏறினால் சலுகைதான்.

மாதவிடாய் விடுப்புப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. பீகார் அரசு 1992 முதலே பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தருகிறது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, செலவு யார் தலையில் என்ற கேள்வி. 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வரவேற்றோம். ஆனால் ஈ.எஸ்.ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அந்த 26 வார ஊதியமும் முழுக்க நிறுவனத்தின் தலையில். ஆகவே நேர்காணலிலேயே "கல்யாணம் எப்போ? அடுத்து குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்டுக் கழித்துக்கட்டுகிறார்கள். இந்தச் செலவைத் தனி முதலாளியிடம் நேரடியாக விடக் கூடாது, சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆவது உடன்படிக்கையின் நெறி. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஈ.எஸ்.ஐ திட்டம் அந்த நெறிக்கு நெருக்கமானது. ஊழியர் 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்த, நோய் விடுப்பு, பேறுகால ஊதியம், மருத்துவம் எல்லாம் பொது நிதியிலிருந்து வருகின்றன. மருந்தக வரிசையும் மருத்துவர் பற்றாக்குறையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே பெண் கையேந்தி நிற்பதில்லை, தன் பணத்துக்குக் கணக்குக் கேட்கிறாள். மாதம் 21,000 ரூபாய் என்ற வரம்பு 2017 முதல் அப்படியே நிற்கிறது. சம்பளம் கொஞ்சம் ஏறியதும் அந்தக் குடைக்கு வெளியே தள்ளப்பட்டு, என்னைப்போல 'ஏதேனும் இரண்டு' படிவத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

அந்தக் குடைக்குள் இருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்களா? எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கும் அக்காவிடம் படிவம் வந்ததா என்று கேட்டேன். "எங்களுக்கு எதுக்குப்பா, நாங்க காண்ட்ராக்டு" என்றார். ஈ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கிறதா என்றால், சம்பளத்தில் ஏதோ பிடிப்பதாகவும் அட்டை எதுவும் தரவில்லை என்றும் சொன்னார். ஒப்பந்தக்காரர் செலுத்தாவிட்டால் முதன்மை முதலாளியே முதலில் செலுத்திவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அக்கா துடைக்கும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். அவர் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார் என்று அதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை. நானும்தான். அவர் போவது தரைத்தளத்தில், பூட்டிவைத்த பழைய ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால்.

நாங்கள் அந்த இரண்டாம் பக்கத்தைப் பூர்த்தி செய்யவில்லை. வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதினோம். நான்கு கோரிக்கை: மூன்றாவது மாடிக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும், துப்புரவுப் பணியாளர்களுக்கு அதே கழிப்பறையின் சாவி, அவர்கள் ஒவ்வொருவரின் ஈ.எஸ்.ஐ எண், காப்பீட்டில் 'அல்லது' நீக்கம். இளம் ஆசிரியை ஒருவர் வழக்கப்படி 'வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று முடித்திருந்தார். 'பணிவுடன்' வேண்டாம் என்றேன். "அப்ப வேற என்ன மேடம் போடறது?" என்றார். பத்து நிமிடம் பேசி, 'செய்து தருக' என்று வைத்தோம். 'தா'வின் பிள்ளைதானே அது. இருபத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள், நான்கு பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார்கள். அவர்களுக்குப் பணி நிரந்தரம் இல்லை, நான் குறை சொல்லமாட்டேன்.

நிர்வாகத்திலிருந்து வந்த முதல் கேள்வி, இதை எழுதியது யார் என்பது. மூன்று வாரம் கழித்துத் தாழ்ப்பாள் வந்தது, தண்ணீர் பாதி நாள் வருகிறது. ஈ.எஸ்.ஐ எண்களுக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதம் தயாராக இருக்கிறது. இம்முறை அக்காக்களும் கையெழுத்திடுகிறார்கள். ஒருவர் மட்டும் வீட்டில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.